காட்டின் எல்லைக் கல்: மலைநாட்டுப் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, பொகவந்தலாவை

ஹட்டன் பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. மாசி மாதம், சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம். மஸ்கெலியா, நல்லதண்ணி என்று கூவும் பஸ்களை நோக்கி வெள்ளை உடுத்த கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். அவர்கள் போகும் மலையைச் சுற்றியிருக்கும் அதே பெருங்காட்டின் இன்னொரு விளிம்பில்தான் என் சின்னம்மாவின் தோட்டம் இருக்கிறது.

மலைநாட்டுச் சிறுத்தையைப் பற்றி எழுதுகிறவர்கள் காட்டோடு நின்றுவிடுகிறார்கள். தோட்டத்து மக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சம்பளத்தோடும் லயம் என்னும் வரிசை வீடுகளோடும் நின்றுவிடுகிறார்கள். சிறுத்தையும் தோட்டத்து மக்களும் வாழ்வது ஒரே மலைச் சரிவில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அதற்குத்தான் இந்தப் பயணம்.

சிவனொளிபாத மலைக்காடு 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 22,000 ஹெக்டேயருக்கு மேல். ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றுடன் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ இந்தக் காட்டையும் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது. வரைபடத்தில் அதன் எல்லை அழுத்தமான பச்சைக் கோடாகத் தெரியும். பொகவந்தலாவையில் நின்று தேடினால் அந்தக் கோடு கண்ணில் படாது. தேயிலை முடிகிற இடத்தில் மரங்கள் தொடங்குகின்றன, அவ்வளவுதான்.

சின்னம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் பிரட்டுக்கு, அதாவது காலைப் பெயர்ப்பதிவுக்கு, போகிறவர்கள் எழும் நேரத்தில்தான் இன்றும் எழுகிறார். சிறுத்தையைக் கண்டிருக்கிறீர்களா என்று கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “காணாமல் என்ன பாப்பா? காட்டோரத்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனால் நாங்கள் சத்தமாகப் பேசிக்கொண்டுதான் நிரைக்குள் இறங்குவோம். நாம் வருவது அதற்குத் தெரிந்தால் அது எழுந்து போய்விடும். குட்டி போட்டிருந்தால் மட்டும் அந்த நிரையை விட்டுவிட வேண்டும். கங்காணியிடம் சொல்லி வேறு பக்கம் போவோம்.”

எத்தனை தலைமுறை அனுபவம் இது! எந்தத் திணைக்களமும் வந்து இதை எழுதிக்கொண்டதாகச் சின்னம்மாவுக்கு நினைவில்லை.

அவர் இருக்கும் லயத்துக்குப் பின்னால் சிறிய மரக்கறித் தோட்டம். கோவா, லீக்ஸ், கொஞ்சம் உருளைக்கிழங்கு. இரவில் காட்டுப் பன்றி வந்தால் ஒரு பருவத்து உழைப்பு ஒரே இரவில் போய்விடும். வேலி போடலாமே என்றேன். “நிலம் நம்முடையதா? தூண் நட வேண்டுமானாலும் தோட்டத்துரையிடம் கேட்க வேண்டும்” என்றார்.

திங்கள், பொகவந்தலாவை

சின்னம்மாவின் மகன் காலையிலேயே வந்து நின்றான். அவனும் தோட்டத்துப் பையன்கள் சிலரும் வேலையில்லாத நாட்களில் காட்டோரம் நடந்து, பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பிகளைத் தேடி அறுக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை, சீருடை இல்லை, அடையாள அட்டையும் இல்லை. “நீங்களும் வாருங்கள் அக்கா, ஆனால் அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்க உப்பும் சவர்க்காரமும் பூசிக்கொள்ளுங்கள்” என்றான்.

ஏறத் தொடங்கியதும் ஒன்று புரிந்தது. தேயிலை மலைகளின் உச்சியிலும், ஓடைகள் இறங்கும் பள்ளங்களிலும் வெட்டப்படாத காட்டுத் துண்டுகள் நிற்கின்றன. கீழிருந்து பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டாத தோப்புகளாகத் தெரியும். சிறுத்தைக்கு அவைதான் வீதி. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அஞ்சலி வாட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகியோரின் ஆய்வுக் குழு தானியங்கிக் கெமராக்களை வைத்துப் பதிவு செய்துவருகிறது. சரணாலயத்துக்கு வெளியே, தேயிலைக்கு நடுவே இருக்கும் இந்தக் காட்டுத் துண்டுகளில் சிறுத்தைகள் நடமாடுவதையும் குட்டி ஈன்று வளர்ப்பதையும் அந்தப் படங்கள் காட்டுகின்றன. சரணாலய எல்லைக்குள் மட்டும் காவல் வைத்தால் மலைநாட்டுச் சிறுத்தையைக் காப்பாற்றிவிடலாம் என்ற எண்ணம் இங்கே வந்து நின்றால் கலைந்துவிடும்.

கைவிடப்பட்ட ஒரு தேயிலை மலையைக் கடந்தோம். கவ்வாத்து வெட்டாமல், களை பிடுங்காமல், செடிகள் ஆளுயரத்துக்கும் மேலே மரமாகிவிட்டன. பன்றிக்கு அது நல்ல மறைவு, பன்றியைத் தேடி வரும் சிறுத்தைக்கும் அப்படியே. அதை ஒட்டிய நிரையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கோ உயிர்ப் பயம். இந்த ஆபத்து சிறுத்தை பெருகியதால் வந்ததன்று. தேயிலையைப் பராமரிக்காமல் விட்டதால் வந்தது. கணக்கு எழுதும்போது பழி மட்டும் மிருகத்தின் மேல் விழுகிறது.

ஓடையைத் தாண்டியதும் தம்பி கையை நீட்டி என்னை நிறுத்தினான். ஒன்றும் தெரியவில்லை. அவன் குனிந்து புல்லை விலக்கினான். முழங்கால் உயரத்தில் வட்டமாக ஒரு கம்பி. மோட்டார் சைக்கிளின் கிளச் கம்பிதான். ஒரு முனையை முடிச்சிட்டு, மறு முனையை ஒரு சவுக்கு மரத்தின் அடியில் இறுகக் கட்டியிருந்தார்கள். பன்றி போகும் தடம் என்பதால் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே தடத்தில்தான் சிறுத்தையும் போகிறது. தலையும் தோளும் நுழைந்து இடுப்பில் கம்பி இறுகினால், விடுபட இழுக்க இழுக்க உள்ளே அறுக்கும். வெளியில் பெரிய காயம் தெரியாது, உள்ளுறுப்புகள் நசுங்கிவிடும். மயக்க ஊசி போட வனஜீவராசிகள் திணைக்களத்தின் கால்நடை மருத்துவர் தொலைவிலிருந்து மலைப்பாதையில் வந்து சேர வேண்டும். அதற்குள் செய்தி பரவி, கூட்டம் கூடி, கைப்பேசியில் படம் எடுக்க ஆள் நெருங்க நெருங்க அது இன்னும் மூர்க்கமாகத் திமிறும்.

2020 மே மாதம் நல்லதண்ணிக்கு அருகே தேயிலைத் தோட்டப் பகுதியில் இப்படித்தான் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. இலங்கையில் கருஞ்சிறுத்தையைக் கண்ணால் கண்டவர்கள் மிகக் குறைவு. மயக்க ஊசி போட்டு மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய் மருத்துவம் பார்த்தார்கள். சில நாட்களில் இறந்துவிட்டது. அந்தச் செய்தி வந்த நாளில் இந்தத் தோட்டத்திலேயே பலர் அழுததாகத் தம்பி சொன்னான். அதன் பிறகுதான் இவர்கள் கம்பி அறுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

கம்பியைக் குறடால் வெட்டிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். யார் வைத்தார்கள் என்று தெரியுமா என்றேன். “தெரியும் அக்கா. போய்ப் பேசுவேன். போலீசுக்குச் சொன்னால் அவர் உள்ளே போவார், பிள்ளைகள் பட்டினி கிடக்கும், அடுத்த பன்றிக்கு வேறொருவர் வைப்பார்.” தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சிறுத்தையைக் கொல்வது குற்றமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மரக்கறிப் பாத்திக்கு ஒரு நல்ல வேலி போட உரிமை இல்லாதவன் கையில்தான் இந்தக் கம்பி போய்ச் சேர்கிறது. அதை எந்தச் சட்டம் பார்க்கிறது?

இந்த மலைகளின் நிலக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1840இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டத்தின்படி, உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும், காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை நிலமும் அரசுக்குச் சொந்தமாயின. கண்டிச் சிங்களக் கிராமத்தவர் மாடு மேய்த்த, விறகெடுத்த, சேனை செய்த நிலங்கள் அப்படித்தான் கோப்பித் துரைமார் கைக்குப் போயின. காட்டை வெட்டி எரிக்கவும் கோப்பி நடவும் தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோரைக் கொண்டுவந்தார்கள். 1869இல் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. அது பரவிக் கோப்பியை அழித்த பின் தேயிலை வந்தது. 1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992க்குப் பிறகு நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. இத்தனை கைமாற்றத்திலும் லயத்துக் கதவுக்கு வெளியே இருக்கும் மண் அங்கே பிறந்தவர்களுக்கு வரவில்லை. 7 பேர்ச் அளவுள்ள சிறு காணியும் தனி வீடும் கிடைத்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைப் பார்த்து மற்றவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

செவ்வாய், ரயிலில்

ஹட்டனிலிருந்து பதுளை ரயில். நின்றுகொண்டே வந்தேன். அம்பேவெலப் பசும்புல் வெளிகள், பிறகு பட்டிப்பொல. இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம், 1,897 மீற்றருக்கு மேல் என்று பலகை சொல்கிறது. அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கப் பாதை. உள்ளே நுழையும்போது மூடுபனி, வெளியே வந்தபோது வெயில். ஒரே முகட்டின் இரு பக்கம் இரு வேறு வானம்.

ஓஹியவில் இறங்கி, நிலையத்துக்கு அருகே ஒரு வீட்டில் அறை எடுத்தேன். குளிர் எலும்பில் இறங்குகிறது. நாளை விடியுமுன் எழ வேண்டும்.

புதன், ஹோர்ட்டன் சமவெளி

முச்சக்கர வண்டி சமவெளிக்குள் ஏறியபோது இன்னும் இருட்டு. வெளிச்சம் வந்ததும் முதலில் கண்ணில் பட்டவை மரை மான்கள். பாதையிலிருந்து பத்தடி தள்ளி நின்று, உறைபனி படிந்த புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. மரையைத் தேடித்தான் சிறுத்தை இந்த வெளிக்கு வருகிறது. ஆனால் வாகனத் தரிப்பிடத்தில் மனிதர் நீட்டும் பிஸ்கட்டுக்குப் பழகிய மரைகளையும் கண்டேன். பார்க்கப் பதறியது. நுழைவாயிலில் பைகளைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுகிறார்கள், தண்ணீர்ப் போத்தலின் மேலுறையைக்கூட உரித்துவிடுகிறார்கள். அந்த ஊழியர்கள்மேல் எரிச்சல்பட்ட பயணிகளைப் பார்த்தேன். எனக்கு அவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

இந்தச் சமவெளி தேயிலையாகாமல் தப்பியதற்கு ஒரு காரணம் உண்டு. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொட வேண்டாம் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் அறிவுரை சொல்ல, 1873இல் அப்படியே உத்தரவு வந்தது. ஆறுகள் வற்றிவிடும் என்ற அச்சமே அதற்குப் பின்னால் இருந்தது. அந்த அச்சம் சரியானது. மகாவலி, களனி, வளவை மூன்றின் ஊற்றுகளும் இந்த மேட்டு நிலத்தில் இருக்கின்றன. இங்குள்ள மரங்கள் குட்டையானவை, கிளைகள் முறுகி, பாசி தொங்க நிற்கும். மேகம் இந்தக் காட்டுக்குள் புகுந்து போகும்போது இலைகளும் பாசியும் அதன் ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குக் கொடுக்கின்றன. மழை பெய்யாத நாளிலும் ஓடை ஓடுகிறது. 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது, 3,160 ஹெக்டேயர்.

தப்பியது என்று சொன்னேன். முழுதும் தப்பவில்லை. யானைகள் ஒரு காலத்தில் இங்கே இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு வேட்டைக்காரத் துரைமார் அவற்றைப் பெருமளவில் கொன்றார்கள், இன்று ஒன்றும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சள் பூ முட்செடி புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது, அதை வேரோடு பிடுங்கும் வேலை ஓயவில்லை. ஓடைகளில் ஆங்கிலேயர் தூண்டிலுக்காக விட்ட ட்ரவுட் மீன். சில இடங்களில் மரங்கள் உச்சியிலிருந்து பட்டுப்போய் வெளிறி நிற்கின்றன. அங்கே வெகுநேரம் நின்றேன். தாவரவியலாளர்கள் பல காரணங்களை ஆராய்கிறார்கள், ஒன்றில் வந்து நிற்கவில்லை. இந்த மரங்கள் போனால் மேகத்தைப் பிடிக்கும் கை போய்விடும்.

மூக்கில் கொம்புள்ள ஓணான் ஒன்றைப் பாசி படர்ந்த கிளையில் கண்டேன். விரல் நீளத்துக்குச் சற்றுக் கூட. இந்த மத்திய மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை.

உலக முடிவு என்று பெயர்பெற்ற பாறை விளிம்புக்கு மேகம் வருமுன் போய்ச் சேர்ந்தேன். ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்துப் பாறை. எல்லோரும் தூரத்துச் சமவெளியையும் குளங்களையும் பார்த்து வியந்தார்கள். நான் நேர் கீழே பார்த்தேன். தேயிலைத் தோட்டம். லயங்களின் தகரக் கூரை வரிசைகூடத் தெரிகிறது. மேலே நிற்கிறவர்கள் டிக்கெட் வாங்கி வந்தவர்கள். கீழே இருப்பவர்கள் இந்தக் காட்டின் நீரைக் குடித்து, இந்தக் காட்டிலிருந்து இறங்கும் மிருகங்களோடு வாழ்கிறவர்கள். பூங்காவுக்குள் வரும் பணத்தில் ஒரு பங்கு, வேலியாகவோ விளக்காகவோ விறகு அடுப்புக்கு மாற்றாகவோ, கீழே இறங்கிப் போக வேண்டும் என்று அங்கே நின்றபோது எனக்கு உறுதியாகத் தோன்றியது. சுற்றுலாப் பயணியான நான் கூடக் கொடுக்க வேண்டியிருந்தாலும் கொடுப்பேன்.

வியாழன், ஹப்புத்தளை

காலையில் தங்கமலைக் காட்டில் நடந்தேன். 1938இலேயே சரணாலயமான சிறு காடு, ரயில் பாதைக்கு மேலே. பறவைகள் நிறைய, மனிதர் யாருமில்லை.

மாலை பண்டாரவளை. உமா ஓயா நீர்த்திட்டத்துக்காகச் சுரங்கம் தோண்டியபோது கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்த ஊர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. தேநீர்க் கடையில் ஓர் ஐயா தன் கிணற்றின் கதையைச் சொன்னார். தண்ணீர் இறங்கிய நாளிலிருந்து அதன் மூடியைத் திறக்கவே இல்லையாம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இரண்டு வரியில் முடிக்கக் கூடாது.

சனி, தம்பானை

பதுளையிலிருந்து மஹியங்கனைக்கு இறங்கும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் வெப்பம் கூடியது. ஹோர்ட்டன் சமவெளியில் ஊற்றெடுத்த மகாவலி, மலையெல்லாம் சுற்றி வந்து மஹியங்கனையில் அகன்று ஓடுகிறது. இங்கே வந்ததும் அந்த ஆற்றின் பெயராலேயே இன்னொரு நிலக் கதை தொடங்குகிறது. அதற்காகத்தான் மலையை விட்டு இவ்வளவு தூரம் இறங்கினேன்.

பதியத்தலாவ வீதியில் இருக்கிறது தம்பானை. இலங்கையின் ஆதிவாசிகளான வேடர்களின் ஊர். நான் போன வீட்டில் ஒரு பெரியவர் என் முன்கைகளை இரண்டு கையாலும் பற்றி வரவேற்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, சிங்களத்தில் பேசினோம். கிழக்குக் கரையில் வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் வேடர்கள் இருப்பதைச் சொன்னார். “அவர்களும் எங்கள் ஆட்கள்தான் மகள்.”

1977க்குப் பின் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டத்துக்காக அணைகளும் வயல்களும் வந்தன. அந்த நீர்த்தேக்கங்களின் நீரேந்து காடுகளைக் காக்கவும், இடம்பெயர்ந்த விலங்குகளுக்கு இடம் கொடுக்கவும் 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டது. அந்தப் பூங்காவின் எல்லைக்குள் வேடர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய, தேன் எடுத்த, சேனை செய்த காடு அடங்கிப்போனது. ஹெனானிகலவுக்குப் போய் வயல் செய்யுங்கள் என்றார்கள். பலர் போனார்கள். தலைவர் திசாஹாமி சில குடும்பங்களுடன் போக மறுத்து இங்கேயே தங்கினார். 1998இல் அவர் இறந்த பின் மகன் ஊருவரிகே வன்னில அத்தோ தலைவரானார். அவர் 1996இலேயே ஜெனீவாவுக்குப் போய், பழங்குடி மக்களுக்கான ஐ.நா. செயற்குழுவின் முன் இந்தக் காட்டைப் பற்றிப் பேசியவர்.

“என் அப்பா தேன் எடுத்த மரம் எனக்குத் தெரியும்” என்றார் பெரியவர். “அங்கே போனால் இன்று நான் குற்றவாளி. கூட்டை முழுவதும் எடுக்க மாட்டோம், அடுத்த முறைக்கு விட்டுவிட்டு வருவோம். இதை யாரிடம் சொல்வது?”

எனக்குக் கோபம் வந்தது. காட்டுக்குக் காவல் வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். பூங்கா இல்லாவிட்டால் இந்தக் காடும் வயலாகியிருக்கும். ஆனால் காவலுக்கு மிகப் பொருத்தமானவர்களை முதலில் வெளியேற்றிவிட்டுக் காவல் போடுவது என்ன நியாயம்? இதே வேடர்களின் மரபுக் காடான பொல்லேபெத்த, ரம்பகன் ஓயாப் பகுதியில் சோளம் பயிரிடக் காடு அழிக்கப்பட்டபோது, 2020இல் வன்னில அத்தோவும் சுற்றாடல் அமைப்பொன்றும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். தேன் எடுக்கக் கூடாத காடு, சோளத்துக்குத் திறந்தது. பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு 2007இல் இலங்கை ஆதரவாக வாக்களித்தது. வேடர்களின் காட்டு உரிமையை ஏற்கும் தனிச் சட்டம் உள்நாட்டில் வரவில்லை.

தேயிலை மலைகளில் எப்படி என்று பெரியவர் கேட்டார். சின்னம்மாவின் லயம், பன்றி, கம்பி, சிறுத்தை எல்லாம் சொன்னேன். தம்பியும் நண்பர்களும் கம்பி அறுப்பதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் காட்டோரமும் கம்பிகள் இருக்கின்றனவாம், வெளியாட்கள் வந்து வைப்பவை. எந்தத் தடத்தில் வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். பூங்காவுக்கு வெளியே உள்ள பகுதியில் காட்டித் தர முடியும், கூட நடக்க இளைஞர்கள் வேண்டும் என்றார்.

மஹியங்கனைக்குத் திரும்பியதும் தம்பிக்கு அழைத்தேன். பங்குனியில் கவ்வாத்து வேலை முடிந்ததும் நாலு பேராக வருகிறோம் என்றான். பஸ் எங்கே மாற வேண்டும், இரவு எங்கே தங்கலாம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டான். குறடு அவர்களிடம் இருக்கிறது. பஸ் கட்டணத்தை நான் அனுப்புகிறேன் என்றிருக்கிறேன்.